முகமும் தெரியணும், வானமும் தெரியணும்: ஃப்ளாஷ் கேள்வி பதில்

போன இதழ்ல அவுட்டோர் போர்ட்ரெய்ட் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்வியெல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது. பின்னாடி இருக்கற வெளிச்சத்தையும் ஆளோட முகத்தையும் ஃப்ளாஷ் வச்சு எப்படி ஒண்ணு சேக்கறதுன்னு. அதனால இந்த தடவை முழுக்க அதே.

மெரினாவுல காலைல ஒரு ஜோடிக்கு ப்ரீ வெட்டிங் எடுத்தேன் சார். பின்னாடி கடல், சூரியன் கொஞ்சம் மேல வந்தாச்சு. முகத்துக்கு செட்டிங் வச்சா வானம் மொத்தமா வெளுத்துடுது, வானத்துக்கு வச்சா முகம் இருட்டாயிடுது. சரின்னு கேமரா மேல ஃப்ளாஷ் மாட்டினேன், முகம் தெரியுது ஆனா ரெண்டு பேரையும் வெட்டி கடல் மேல ஒட்டின மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்?
வாசகர், சென்னை

மெரினா கிழக்கு பாத்த கடற்கரை, காலைல கடலை பேக்ரவுண்டா வச்சா சூரியன் ஆளுக்குப் பின்னாடிதான் இருக்கும், அதை மாத்த முடியாது. சாயங்காலம் அதே இடத்துல நின்னா சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும், முகத்துல நேரா வெளிச்சம் விழும், ஃப்ளாஷ் இல்லாமலே எடுத்துடலாம், ஆனா காலைல முடியோரத்துலயும் தோள்லயும் விழற அந்த தங்கக் கோடு கிடைக்காது. அதனால காலைல எடுக்கணும்னு நீங்க நெனச்சது சரிதான்.

ஃப்ளாஷ் போட்டு எடுக்கற எந்தப் படமா இருந்தாலும் அதுல ரெண்டு எக்ஸ்போஷர், அதாவது ரெண்டு வெளிச்சப் பதிவு, ஒண்ணு மேல ஒண்ணா விழுது. ஃப்ளாஷ் எரியறது சுமாரா ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குதான், பவரைக் குறைச்சா அதைவிடக் கம்மி. அதனால ஷட்டர் 1/200ல இருந்தாலும் 1/50ல இருந்தாலும் ஃப்ளாஷ் வெளிச்சம் முழுசா உள்ள வந்துடும், முகத்துல ஒரு வித்தியாசமும் இருக்காது. வானம் அப்படி இல்ல, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கோ அவ்வளவு நேரமும் வந்துட்டே இருக்கும். ஆக ஷட்டர் பேக்ரவுண்டுக்கு, ஃப்ளாஷ் பவர் முகத்துக்கு. அப்பர்ச்சரும் (லென்ஸ் துளையோட அளவு, எஃப் நம்பர் கூடினா துளை சின்னது) ஐஎஸ்ஓவும் (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிப் பதியுதுங்கறது) ரெண்டையும் சேத்து ஏத்தும், சேத்து இறக்கும். ரெண்டு பர்னர் கேஸ் அடுப்புல ஆளுக்கொரு திருகு இருக்கும், சிலிண்டர்ல இருக்கற திருகைத் தொட்டா ரெண்டும் சேந்து மாறும், அதே கணக்குதான்.

இப்ப கடற்கரைக்கு வருவோம். கேமராவை மேனுவல்ல போடுங்க, ஃப்ளாஷை ஆஃப் பண்ணிடுங்க. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200. ஜோடியை மறந்துட்டு வானத்தை மட்டும் பாத்து அப்பர்ச்சரைத் திருகுங்க. சூரியன் வந்து ஒரு மணி நேரம் ஆச்சுன்னா பெரும்பாலும் எஃப்/8க்கும் எஃப்/11க்கும் நடுவுல வந்து நிக்கும். வானத்தோட நிறம் தெரியணும், மேகத்துல விவரம் இருக்கணும், கண்ணுக்குத் தெரியறதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் பாதி) கம்மியா இருந்தா இன்னும் நல்லா இருக்கும். இந்தப் படத்துல முகம் இருட்டாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. இப்ப ஃப்ளாஷை ஆன் பண்ணி மேனுவல்ல 1/4 பவர்ல ஆரம்பிச்சு முகம் சரியாகற வரைக்கும் ஏத்திட்டே போங்க. வானம் ஏற்கனவே முடிஞ்சு போச்சு, அதைத் திரும்பத் தொடாதீங்க. நிறைய பேர் முகத்துல ஆரம்பிச்சு வானத்துக்கு வராங்க, அங்கதான் குழப்பமே.

ஒட்டின மாதிரி தெரியறதுக்கு பெரும்பாலும் மூணு காரணம் இருக்கும், உங்க படத்துல மூணுமே இருக்கும்னு நெனைக்கிறேன். பேக்ரவுண்டை ரெண்டு மூணு ஸ்டாப் இறக்கி முகத்தை மட்டும் பளிச்சுன்னு வச்சா எந்தக் கண்ணும் நம்பாது, பின்னாடி அவ்வளவு பெரிய வானம் இருட்டா இருக்கறப்ப இந்த ரெண்டு பேருக்கு மட்டும் எங்கேர்ந்து வெளிச்சம் வந்துச்சுன்னு மனசு கேட்டுட்டே இருக்கும். அரை ஸ்டாப்லேர்ந்து ஒரு ஸ்டாப் இறக்கினா போதும். அடுத்தது திசை. கேமரா மேல மாட்டின ஃப்ளாஷ் நேரா போய் மூக்கு கன்னம் தாடை எல்லாத்தையும் ஒரே மட்டத்துல வெளுப்பாக்கிடும், நிழலே இருக்காது, நிழல் இல்லேன்னா உருவமும் இல்ல. ஒரு டிரிக்கர் (தூரத்துல இருக்கற ஃப்ளாஷை ஒயர் இல்லாம எரிய வைக்கற கருவி) வாங்கி ஃப்ளாஷை கேமராவை விட்டு இறக்குங்க, பொண்ணு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் சாய்வா, கண் மட்டத்துக்கு கொஞ்சம் மேல வைங்க, முன்னாடி ஒரு குடையோ சாஃப்ட்பாக்ஸோ இருக்கணும். மூணாவது நிறம். காலை வெயில் மஞ்சளா இருக்கு, உங்க ஃப்ளாஷ் நடுப்பகல் வெள்ளை. தோள்ல மஞ்சக் கோடும் முகத்துல நீலம் கலந்த வெள்ளையும் சேந்தா ஒட்டுத்தான் தெரியும். கால் சிடிஓ இல்லேன்னா அரை சிடிஓ ஜெல் (வெளிச்சத்தை மஞ்சளாக்கற ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாள்) ஒரு துண்டு வெட்டி ஃப்ளாஷ் மூஞ்சில ஒட்டுங்க, சின்னத் துண்டு ஜெல்தான், படமே மாறிடும்.

ஒரு கணக்கும் சொல்லிடறேன், வாங்கற ஃப்ளாஷ் தாங்குமான்னு தெரிஞ்சுக்க உதவும். சாதாரணமா கேமரா மேல மாட்டற பெரிய ஃப்ளாஷுக்கு 35 மி.மீ. ஜூம்ல, ஐஎஸ்ஓ 100ல கைடு நம்பர் 36 பக்கம் இருக்கும். அதை எஃப் நம்பரால வகுத்தா எத்தனை மீட்டர் வரைக்கும் எட்டும்னு வரும், எஃப்/8னா 4.5 மீட்டர். குடை போட்டா ரெண்டு ஸ்டாப் வரைக்கும் போயிடும், அதாவது தூரம் பாதி, ரெண்டே கால் மீட்டர். அதுவும் முழு பவர்ல, அடுத்த ஷாட்டுக்கு சார்ஜ் ஏற காத்திருக்கணும். அதனால வெளிச்சம் பத்தலேன்னா புது ஃப்ளாஷ் தேடறதுக்கு முன்னாடி ஸ்டாண்டைக் கிட்ட கொண்டு போங்க, தூரத்தைப் பாதியாக்கினா வெளிச்சம் நாலு மடங்கு. ஃப்ரேமுக்குள்ள வரப்போற அளவுக்குக் கிட்ட வைங்க. கடற்கரையில ஸ்டாண்டை மட்டும் நம்பாதீங்க, காத்துல குடை பறந்துடும், ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்.

ஷட்டர் 1/500 வச்சா படத்துல பாதி கறுப்பா வருது. ஃப்ளாஷ் ரிப்பேரா?
வாசகர், நாமக்கல்

ரிப்பேர் எல்லாம் இல்ல. உங்க கேமரா ஷட்டர்ல ரெண்டு திரை இருக்கு, ஒண்ணு திறந்துட்டே போகும், இன்னொண்ணு பின்னாலயே மூடிட்டே வரும். ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும்தான் சென்சார் முழுசும் ஒரே நேரத்துல திறந்திருக்கும், பல கேமராவுல அது 1/200 இல்லேன்னா 1/250, அதுக்குப் பேரு சிங்க் ஸ்பீடு. அதைத் தாண்டினா முதல் திரை போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிடும், ஃப்ளாஷ் எரியற நேரத்துல பாதி மூடியிருக்கும், அந்தப் பாதிதான் கறுப்பு. விலை குறைஞ்ச டிரிக்கர்னா 1/200லயே அடியில ஒரு நிழல் கோடு வரலாம், 1/160க்கு இறக்கிப் பாருங்க.

ஹை ஸ்பீடு சிங்க் இருக்கே, அதைப் போட்டா போச்சுன்னு சொல்லுவாங்க. போடலாம், ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு போடுங்க. அதுல ஃப்ளாஷ் ஒரே வெட்டா எரியாம, திரை நகர்ற நேரம் முழுக்க விட்டு விட்டு எரியும், அதனால பவர் ரெண்டு ஸ்டாப்போ அதுக்கு மேலயோ போயிடும். அதைவிட முக்கியம், அந்த மோடுக்குள்ள போயிட்டா ஷட்டரைக் கூட்டினா ஃப்ளாஷும் சேந்து குறையும், ஷட்டர் பேக்ரவுண்டுக்கு மட்டும்னு மேல சொன்ன கணக்கு அங்க செல்லாது.

பேக்ரவுண்ட் பஞ்சு மாதிரி கலையணும், எஃப்/2.8 வேணும்னு ஆசைப்பட்டா எனக்குப் பிடிச்ச வழி என்டி ஃபில்டர், நிறம் மாத்தாம வெளிச்சத்தை மட்டும் குறைக்கற கறுப்புக் கண்ணாடி. மூணு ஸ்டாப் என்டி 8 ஒண்ணு லென்ஸ்ல போட்டா எஃப்/8ல எடுத்த அதே படத்தை ஷட்டர் மாத்தாம எஃப்/2.8ல எடுக்கலாம். ஃப்ளாஷ் பவர் எஃப்/8க்கு எவ்வளவு தேவைப்பட்டுச்சோ அவ்வளவேதான் இப்பவும் தேவைப்படும், அதை மட்டும் மறக்காதீங்க. 2023ல அறிவிச்ச சோனி ஏ9 மூணாவது மாடல்ல குளோபல் ஷட்டர் வந்துடுச்சு, திரையே இல்ல, 1/80000 வரைக்கும் ஃப்ளாஷ் சிங்க் ஆகும். விலையைப் பாத்தா இன்னும் பல வருஷத்துக்கு நமக்கு என்டி ஃபில்டர்தான்.

எங்க வீட்டுல எல்லாரும் நல்ல கறுப்பு நிறம். டிடிஎல்ல எடுத்தா தங்கச்சி முகம் ஒரு படத்துல வெளுத்து சாம்பல் பூசின மாதிரி வருது, அப்பா வேட்டி சட்டையில நின்னா முகமே தெரியல. எது சரியான பவர்?
வாசகி, திருநெல்வேலி

இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப நாளா காத்துட்டு இருந்தேன், ஏன்னா இதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க.

டிடிஎல்னா ஃப்ளாஷ் முதல்ல சின்னதா ஒரு தடவை எரிஞ்சு, திரும்பி வர்ற வெளிச்சத்தை அளந்து பவரை முடிவு பண்றது. அது எதைப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் நிறமாக்கப் பாக்கும். ஃப்ரேம் முழுக்க கறுப்பு நிறமும் அடர் நிறத் துணியுமா இருந்தா வெளிச்சம் பத்தலேன்னு நெனச்சு பவரை ஏத்தும், தங்கச்சி முகம் வெளுக்கும். அப்பாவோட வெள்ளை வேட்டி சட்டையைப் பாத்தா அதிகமாயிடுச்சுன்னு இறக்கும், முகம் இருட்டாயிடும். பட்டுப்புடவை ஜரிகை இன்னும் மோசம், ஒரு கோணத்துல பளீர்னு திருப்பி அடிக்கும், அந்த ஒரு படத்துல மட்டும் எல்லாமே இருட்டு. அதனால டிடிஎல்ல எடுத்தா தங்கச்சிக்கு மைனஸ் முக்கால், மைனஸ் ஒண்ணுன்னும், அப்பாவுக்கு ப்ளஸ் ஒண்ணுன்னும் ஃப்ளாஷ் காம்பன்சேஷன் வச்சு ஆரம்பிங்க. ஆள் நகராம நிக்கறாங்கன்னா மேனுவலே நல்லது, ஒரு தடவை சரி பண்ணிட்டா புடவை மாறினாலும் முகம் மாறாது.

ஆனா பவர் பாதி பதில்தான். கறுப்புத் தோல் அழகா தெரியறது பவர்ல இல்ல, தோல் மேல வெளிச்சம் எப்படிப் பளபளக்குதுங்கறதுல. சின்ன ஃப்ளாஷ் நேரா அடிச்சா நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் ரெண்டு வெள்ளைப் புள்ளி விழும், மத்த இடம் செத்த மாதிரி இருக்கும். அதே ஃப்ளாஷை பெரிய குடைக்குள்ள போட்டு பக்கவாட்டுல கிட்ட கொண்டு வந்தா அந்தப் புள்ளி பரவி கன்னத்து எலும்பு மேல மெதுவா ஒரு பளபளப்பா மாறும், தாடைக் கோடு தெரியும், கறுப்போட ஆழம் அப்படியே இருக்கும். வேர்வை இருந்தா டிஷ்யூ வச்சு ஒத்தி எடுங்க, பவுடர் போட்டு வெளுக்க வைக்க வேண்டாம். பேக்ரவுண்டும் வெள்ளையா வேண்டாம், பச்சைத் தோப்போ மண் சுவரோ ஒரு ஸ்டாப் இறக்கி வச்சீங்கன்னா முகம் தானா முன்னாடி வரும்.

ஃபிலிம் காலத்துல கோடாக் லேபுக்கு அனுப்பின கலர் சரிபாக்கற அட்டையில பல வருஷம் வெள்ளைக்காரப் பொண்ணோட படம்தான் இருந்துச்சு, ஷெர்லி கார்டுன்னு சொல்லுவாங்க, அந்த முகம் சரியா வந்தா மிஷின் சரின்னு அர்த்தம். நம்ம முகம் அந்தக் கணக்குலயே இல்ல. இப்ப கையில இருக்கற கேமராவுல எல்லா திருகும் நம்ம கையில இருக்கு. பார்ட்டி வெள்ளையா காட்டச் சொல்றாங்கன்னு ஃப்ளாஷை ஏத்தற தம்பிங்களுக்கும் சேத்தே சொல்றேன், முதல் படத்தை சரியான நிறத்துல நல்ல லைட்ல எடுத்து கேமரா ஸ்க்ரீன்ல அவங்ககிட்ட காட்டுங்க. தன்னோட சொந்த நிறத்தை நல்ல வெளிச்சத்துல பாத்தவங்க யாரும் அதுக்கப்புறம் வெளுக்கச் சொல்லி என்கிட்ட கேட்டதில்ல.

ரிசப்ஷன் மேடையில பின்னாடி எல்இடி வால், சுவர் மாதிரி பெரிய எல்இடி திரை. ஃப்ளாஷ் போட்டா வால் மங்கிப் போகுது, போடலேன்னா மாப்பிள்ளை பொண்ணு நிழலா நிக்கறாங்க. சில படத்துல வால்ல குறுக்கால பட்டை பட்டையா வேற வருது.
வாசகர், ஈரோடு

இப்ப பாதி மண்டபத்துல இதான் நிலைமை. பூ அலங்காரம் இருந்த காலத்துல பேக்ரவுண்ட் சும்மா நின்னுச்சு, இப்ப பேக்ரவுண்டே விளக்கு. ஆனா கணக்கு கடற்கரைக் கணக்குதான், வானத்துக்கு பதிலா வால். முதல்ல வாலுக்கு செட்டிங் வைங்க.

பட்டை வர்றது ஷட்டர் வேகமா இருக்கறதால. எல்இடி வால் தொடர்ந்து எரியற மாதிரி தெரிஞ்சாலும் உள்ள வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியுது, 1/200ல எடுத்தா ஒரு வரிசை எரியறப்பவும் இன்னொரு வரிசை அணைஞ்சிருக்கறப்பவும் மாட்டும். 1/100, 1/60, 1/50ன்னு இறக்கிப் பாருங்க, ஏதோ ஒண்ணுல பட்டை போயிடும், அதை அப்படியே வச்சுட்டு அப்பர்ச்சர் ஐஎஸ்ஓவுல வாலோட வெளிச்சத்தை சரி பண்ணுங்க. அப்படியும் வால் ரொம்ப பிரகாசமா இருந்தா நேரா ஆபரேட்டர் தம்பிகிட்ட போய் பிரைட்னஸ் குறைக்கச் சொல்லுங்க. அவர் லேப்டாப்ல ஒரு நிமிஷ வேலை, யாரும் கேக்கறதில்லேங்கறதால முழுசா வச்சிருப்பார். ஆட்கள் வர்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடுங்க.

வால் மங்கறதுக்கு காரணம் உங்க ஃப்ளாஷ் வெளிச்சம் போய் அது மேல விழறது. அந்தப் பேனல் அணைஞ்சிருக்கறப்ப கறுப்பு, அந்தக் கறுப்பு மேல ஃப்ளாஷ் விழுந்தா சாம்பலாயிடும், நிறமெல்லாம் பால் ஊத்தின மாதிரி ஆகும். அதனால ஃப்ளாஷை நடுவுல நேரா வைக்காம மேடையோட ஓரத்துல உயரமா வச்சு, வெளிச்சம் ஜோடியைத் தாண்டி பக்கத் திரைப் பக்கம் போய் விழற மாதிரி திருப்புங்க, கிரிட் (வெளிச்சம் பக்கவாட்டுல சிதறாம தடுக்கற தேன்கூடு மாதிரி வலை) இருந்தா மாட்டுங்க. ஜோடியை வாலை ஒட்டி நிக்க விடாதீங்க, ரெண்டு மீட்டராவது முன்னாடி கொண்டு வாங்க. ஜோடிக்கும் வாலுக்கும் இடைவெளி கூடக் கூட ஃப்ளாஷ் வாலுக்குப் போறது குறையும், முன்னாடி வந்துட்டா வால்ல இருக்கற புள்ளிகளும் கலைஞ்சு அந்த அலை அலையான கோடு வர்றதும் நிக்கும்.

வீடியோக்காரர் லைட்டையும் கணக்குல எடுங்க. அவர் லைட் முகத்துல ஏற்கனவே ஓரளவு விழுதுன்னா அதையே மெயினா வச்சுட்டு உங்க ஃப்ளாஷை 1/32, 1/64ன்னு லேசா கண்ணுக்கு கீழ இருக்கற நிழலை நிரப்ப மட்டும் போடலாம். அவர்கிட்ட முன்னாடியே பேசிக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது.

தஞ்சாவூர் பெரிய கோவில் விமானம் பின்னாடி தெரியற மாதிரி வெளியில நின்னு சாயங்காலம் பொண்ணுக்கு போர்ட்ரெய்ட் எடுக்கணும். எந்த நேரம், என்ன செட்டிங்?
வாசகர், தஞ்சாவூர்

கோவில் கிழக்கு பாத்தது, முன்பக்கமா நின்னீங்கன்னா சூரியன் விமானத்துக்குப் பின்னாடி இறங்கும். சூரியன் இறங்கற வரைக்கும் அடிச்சுப் பிடிச்சு எடுக்காதீங்க, இறங்கினதுக்கு அப்புறம் வர்ற 20, 25 நிமிஷம்தான் உங்க நேரம். வானம் நீலமாகும், விமானத்துல விளக்கு போட்டிருந்தா கல் தங்க நிறமா நிக்கும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், இருட்டு சீக்கிரம் வந்துடும், அதனால ஆளை முன்கூட்டியே நிறுத்தி வச்சு ஃப்ளாஷை சரி பண்ணிடுங்க.

எஃப்/2.8, ஐஎஸ்ஓ 400, ஃப்ளாஷ் குடையோட ஒன்றரை மீட்டர்ல, முகத்துக்கு எவ்வளவு பவர் வேணுமோ அது. இந்த மூணையும் அதுக்கப்புறம் தொடவே வேண்டாம். வானம் இருட்ட இருட்ட ஷட்டரை மட்டும் 1/200லேர்ந்து 1/100, 1/50, 1/25ன்னு இறக்கிட்டே வாங்க. முகம் எல்லாப் படத்துலயும் ஒரே மாதிரி இருக்கும், பின்னாடி வானம் மட்டும் ஒவ்வொரு நிறமா மாறும். ஃப்ளாஷ் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல பயிற்சி இல்ல. பவர் கூடிப் போய் விமானத்துல விழுந்துடுமோன்னு கவலையே வேண்டாம், அவ்வளவு தூரத்துக்கு அந்த சின்ன ஃப்ளாஷ் எட்டாது.

1/25க்கு வந்தா கேமராவை ட்ரைபாட்ல வைங்க, பொண்ணை மூச்சைப் பிடிச்சு அசையாம நிக்கச் சொல்லுங்க. முகத்துல தெரு விளக்கு அதிகமா விழுந்தா ஃப்ளாஷ் பிடிச்ச உருவத்துக்குப் பக்கத்துல ஒரு நிழல் உருவமும் பதியும், அதனால முகம் ஃப்ளாஷ் இல்லாம இருட்டா இருக்கற இடமாப் பாத்து நிறுத்துங்க. அரை சிடிஓ ஜெல் ஒட்டி ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின் பக்கம் வச்சா முகம் இயல்பா இருக்கும், வானம் இன்னும் ஆழமான நீலமாகும். கோவில் வளாகத்துக்குள்ள ஸ்டாண்ட், ட்ரைபாட் எல்லாம் கொண்டு போகணும்னா முன்னாடியே அனுமதி வாங்கிக்கோங்க.

மிரர்லெஸ் வாங்கினேன், சைலன்ட் மோட்ல ஃப்ளாஷ் எரியவே மாட்டேங்குது.
வாசகர், யாழ்ப்பாணம்

எலக்ட்ரானிக் ஷட்டர்ல பெரும்பாலான கேமராவுல ஃப்ளாஷ் எரியாது, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க. வியூஃபைண்டர் இருட்டா தெரிஞ்சா மெனுவுல எக்ஸ்போஷர் பிரிவ்யூவை ஆஃப் பண்ணுங்க, ஸ்டூடியோவுல ரொம்ப தேவைப்படும்.

மொபைல்ல இதெல்லாம் முடியுமா?
வாசகி, கும்பகோணம்

மொபைல்ல இருக்கறது எல்இடி, நம்ம ஃப்ளாஷ் மாதிரி ஒரு வெட்டு வெட்டி நிக்காது, ஷட்டர் திறந்திருக்கற நேரம் முழுக்க எரியும், பவரும் ரொம்பக் கம்மி, பகல்ல வானத்தோட போட்டி போடவே முடியாது. அதனால ஃப்ளாஷை ஆஃப் பண்ணிட்டு முகத்துக்கு வேற வெளிச்சம் குடுங்க. வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒண்ணு, பெரிசா, ரெண்டடிக்கு மூணடி. ஆளுக்குப் பின்னாடி சூரியன் இருக்கட்டும், பலகையை நெஞ்சு உயரத்துல ஃப்ரேமுக்கு வெளிய ஒருத்தர் பிடிச்சு வெயிலை முகத்துக்குத் திருப்பட்டும். அப்புறம் ஸ்க்ரீன்ல வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷரை லாக் பண்ணிட்டு எடுங்க. முகம் இன்னும் இருட்டா இருந்தா லாக்கை எடுக்காதீங்க, பலகையை ஒரு அடி கிட்ட கொண்டு வரச் சொல்லுங்க.